எச்சரிக்கை கிடைத்தது என்றொரு வரி

கோந்த்வா
பூனா
11 ஆகஸ்ட் 2025

அக்கா,

நேற்று உன் வீட்டில் நடந்ததற்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வைஷுவின் போனிலிருந்து கூப்பிட்டேன், அதையும் செய்துவிட்டாய். நேரில் வந்தால் கதவைத் திறப்பாயோ மாட்டாயோ. அதனால் இது.

என் பெண்டாட்டி வைஷுவுக்கு முன்னால் அந்தக் காகிதத்தைக் கிழித்து என் மேலேயே போட்டாய். பரவாயில்லை. நீ கோபப்படுவாய் என்று தெரிந்துதான் வந்தேன். ஆனால் நான் சொல்ல வந்ததை ஒரு நிமிஷமாவது கேட்டிருக்கலாம். அதை இப்போது எழுதுகிறேன், முழுதாகப் படி.

வெள்ளம் பாதித்த தெருக்களின் வியாபாரிகளுக்கு அரசு வரிச் சலுகை அறிவித்திருக்கிறது. ஜூலை மாதக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்யலாம். வட்டியும் அபராதமும் கிடையாது. பழைய பாக்கியைத் தவணையில் கட்டலாம். கடைக்கான சொத்து வரியில் அரை வருஷத்துக்குத் தள்ளுபடி உண்டு. இம்மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். உன் கம்ப்யூட்டர் போய்விட்டது, பில்கள் போய்விட்டன, கிரைண்டர்கள் சேற்றில் கிடக்கின்றன. சலுகை இல்லாவிட்டால் அடுத்த மாதமே நோட்டீஸ் வரும். அதற்கடுத்து வங்கிக் கணக்கை முடக்குவார்கள். நீ மறுபடி ஒரு கிலோ மாவு அரைக்க முடியாது.

நம் ஆற்றோரத் தெரு வியாபாரிகள் சங்கம் எல்லாருடைய விண்ணப்பத்தையும் சேர்த்து மொத்தமாகக் கொடுக்கிறது. அதோடு ஒரு உறுதிமொழித் தாள் வைக்க வேண்டும். அலுவலகத்தில் கேட்கிறார்கள் என்று தலைவர் வசந்தகுமார் சொன்னார். நீ கிழித்தது அதைத்தான். தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. நீ மட்டும்தான் பாக்கி.

உன் கடையில் வேலை பார்த்த ஆரோக்கியசாமி வெள்ளத்தில் போனது எனக்கும் வருத்தம்தான். என் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு வந்து பந்தி பரிமாறிய மனுஷன். ஆனால் நீ கையெழுத்துப் போடாமல் இருந்தால் அவர் திரும்பி வந்துவிடுவாரா? இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டாமா?

இதோடு புதிய தாள் ஒன்று வைத்திருக்கிறேன். கடைசியில் பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

டேனியல்


விஷ்ராந்த்வாடி
14 ஆகஸ்ட் 2025

டேனியலுக்கு,

நீ அனுப்பிய இரண்டாவது தாளையும் கிழித்துவிட்டேன். மூன்றாவது அனுப்பினால் அதையும் கிழிப்பேன். தபால் செலவு உன்னுடையது.

அந்தத் தாளில் இருக்கும் வரியை உன் கடிதத்தில் ஒரு இடத்திலும் எழுதவில்லையே, ஏன்? "உறுதிமொழித் தாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். எழுதக் கை வரவில்லையா? நான் எழுதுகிறேன். "ஆற்றில் வெள்ளம் வரும் என்ற எச்சரிக்கை முந்தைய நாள் மாலையே சங்கத்தின் மூலம் எனக்குக் கிடைத்தது. அதை மீறி இடத்தில் தங்கியவர்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு அவர்களே பொறுப்பு." கிழிக்கும் முன் நான் படித்தேன் டேனியல்.

யாருக்குக் கிடைத்தது எச்சரிக்கை? எனக்கா? நீ அன்று கோந்த்வாவில் உன் மூன்றாவது மாடியில் இருந்தாய். நான் சொல்கிறேன் கேள்.

வெள்ளம் வந்த அந்த வியாழக்கிழமை காலை. மழை கூட விட்டிருந்தது. கேம்ப்பில் இரண்டு ஹோட்டலுக்கு மாவு கொடுத்துவிட்டு நான் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியசாமி போன் செய்தார். "யக்கா, நாலாவிலேர்ந்து தண்ணி பின்னாடிக்கி ஏறுது. உளுந்து மூட்டைய மட்டும் மேல தூக்கிட்டு வாறேன்" என்றார். கடைக்குப் பின்னாலிருக்கும் அந்தக் கழிவோடை ஆற்றில் போய் விழ வேண்டியது, ஆறு நாலாவுக்குள் ஏறி வந்திருக்கிறது. "மூட்டைய விட்டுத் தொலைங்க, வெளிய வாங்க" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா வந்துட்டேன்" என்றார் ஆரோக்கியசாமி. அவ்வளவுதான். பின்சுவர் அப்படியே உள்ளே விழுந்தது என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையிலேயே கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் வடிந்து, மறுநாள் அவரை வெளியே எடுத்தபோது அடையாளம் சொன்னது நான். அவர் பெண்டாட்டி ஜான்சியைப் பார்க்க விடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

எச்சரிக்கை கிடைத்திருந்தால் அந்த மனுஷனை நான் அன்று வேலைக்கே வரச் சொல்லியிருப்பேனா? தெரிந்தே தங்கினார், தானே செத்தார் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமா? வட்டித் தள்ளுபடிக்காகவா?

அப்புறம், பெரிதாகச் சலுகை என்கிறாயே. ஆற்றோடு போன மாவு பாக்கெட் கவர்களுக்கு, வாங்கும்போது கட்டியதற்காக எடுத்த வரிக் கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று நீதானே போன வாரம் சொன்னாய்? நனைந்து போன சரக்குக்கும் வரி. செத்துப் போனவருக்குப் பழி. நன்றாக இருக்கிறது உங்கள் சட்டம்.

வசந்தகுமாரிடம் போய்ச் சொல். செல்வமேரி போட மாட்டாள்.

அக்கா


கேம்ப்
18 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தை ஆபீசில் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் படிக்கவில்லை, வைஷு என் முகத்தைப் பார்த்தால் கேட்பாள்.

சட்டத்தை நானா எழுதினேன்? கெட்டுப்போன சரக்குக்கு வரிக் கழிவு கிடையாது என்பது நாடு முழுக்க உள்ள விதி. நான் கணக்கு எழுதுகிறவன். மழை பெய்ததற்கும் சுவர் விழுந்ததற்கும் என்னிடம் பதில் கேட்கிறாய்.

எப்போதும் இப்படித்தான். உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம். மற்றவர்களுக்கு வந்தால் திமிர். அப்பா ஃபேக்டரியில் ரிடையர் ஆனபோது நீ வேலைக்குப் போய் என்னை பி.காம். படிக்க வைத்தாய். இல்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்காக எல்லா கிறிஸ்துமஸுக்கும் சொந்தக்காரர்கள் நடுவில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ படிக்க வைத்த படிப்பை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். என் பிழைப்பு இந்தத் தெருதான். நாற்பது கடைக்கும் கணக்கு எழுதுகிறேன் என்றால் அது வசந்தகுமார் பிடித்துக் கொடுத்த வேலை. இந்த ஆபீஸ் அறை கூட அவருடையது. அவர் முகத்தில் அடித்த மாதிரி என் சொந்த அக்காவே சங்கத்தை எதிர்த்து நின்றால் நான் எங்கே போவேன்? தெருவில் இருக்கிறவர்கள் சும்மா போட்டார்களா கையெழுத்து? ஜம்பு பாய் கடையில் மரச்சாமான் எல்லாம் ஊறி உப்பிப் போய்க் கிடக்கிறது. அவர் போட்டார். சலுகை வராவிட்டால் அவர் ஊரைப் பார்த்துப் போக வேண்டியதுதான் என்று தெரிந்து போட்டார். அவரை விட நீ பெரிய நியாயவாதியா?

வசந்தகுமாரை நீ வில்லன் மாதிரி நினைக்கிறாய். அவர் எல்லாருக்கும் சொல்லத்தான் இருந்தார். அன்று மாலை மழை, கரண்ட் இல்லை, அவருக்கு ஆயிரம் வேலை. விட்டுப்போயிற்று. வேண்டுமென்றா செய்தார்?

கையெழுத்துப் போடு. போட்டுவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

டேனியல்


விஷ்ராந்த்வாடி
22 ஆகஸ்ட் 2025

டேனியலுக்கு,

"சொல்லத்தான் இருந்தார்." இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. சொல்ல இருந்தார் என்றால் சொல்ல ஒரு விஷயம் அவரிடம் இருந்திருக்கிறது. அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தது என்று உனக்கும் தெரிந்திருக்கிறது.

நான் சும்மா உட்காரவில்லை. டெம்போ ஓட்டுகிற கோகுல்நாத்தைப் போய்ப் பிடித்தேன். வசந்தகுமாரின் எலக்ட்ரிகல் கடைக்கு அவன்தானே எப்போதும் வண்டி ஓட்டுவான். டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "வெள்ளத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் வசந்தகுமாருக்கு வண்டி ஓட்டினியா?" என்று கேட்டேன்.

"ஆமா தீதி, மூணு டிரிப்" என்றான். டம்ளரைக் கீழே கூட வைக்கவில்லை. "குடோன்ல இருந்த ஒயர், ஃபேன், மோட்டார் எல்லாத்தையும் மேல அவரு மச்சான் வீட்டு ஷெட்டுக்குக் கொண்டு போய்ப் போட்டோம். ஏன் இந்த மழையில தூக்குறீங்கன்னு கேட்டேன். வார்டு ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு, அணையத் தொறக்கப் போறாங்களாம், சாமானை ஏத்துடான்னாரு."

"தெருவுல மத்தவங்களுக்கு?"

"அவரு சொல்லிருப்பாருன்னு நெனச்சேன் தீதி. தலைவராச்சே."

அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. தலைவராச்சே என்று நாம் எல்லாரும்தானே நினைத்தோம். தெருவுக்கே சொல்லும்படி அவருக்குப் போன் வந்திருக்கிறது. அவர் தன் ஒயரையும் ஃபேனையும் காப்பாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறார். இப்போது அந்தப் பழி தன் மேல் வராமல் இருக்க நாற்பது பேரிடம் "எனக்குச் சொன்னார்கள்" என்று எழுதி வாங்குகிறார். வாங்கிக் கொடுக்கிறவன் என் தம்பி.

அதோடு நிற்கவில்லை. நேற்று நானே வரி அலுவலகத்துக்குப் போனேன். சேதத்தைப் பார்த்து எழுதிய பஞ்சநாமாவின் நகல், கடையின் போட்டோ, என் விண்ணப்பம், எல்லாம் எடுத்துக்கொண்டு. கவுன்டரில் ஒரு அம்மா. நான் கிழிக்கக் கிழிக்க நீ அனுப்பினாயே, அந்தத் தாளின் நகலை ஜம்பு பாயிடமிருந்து வாங்கிப் போயிருந்தேன். அதைக் காட்டி, இதுவும் வைக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். திருப்பிப் பார்த்தார். "ஹா காகத் ஆம்சா நாஹி" என்றார். இது எங்கள் காகிதமே இல்லை என்று. "எச்சரிக்கை வந்ததா இல்லையா என்று கேட்பது எங்கள் வேலை இல்லை அம்மா. தண்ணீர் வந்ததா என்றுதான் நாங்கள் பார்ப்போம்" என்றார் இந்தியில். என் விண்ணப்பத்தில் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். அவ்வளவு சுலபம்.

உனக்கு இது தெரியாதா? பதினைந்து வருஷமாக அந்த அலுவலகத்துக்குப் போய் வருகிறவன் நீ. ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

ஒன்று மட்டும் எனக்குப் பதில் எழுது. சலுகை கேட்கும் பட்டியலில் வசந்தகுமாரின் கடையும் இருக்கிறதா? சரக்கு முழுவதும் போயிற்று என்றா எழுதியிருக்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். நான் வருகிறேன்.

அக்கா


கோந்த்வா
23 ஆகஸ்ட் 2025

அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், இன்றைக்கே உன் கையில் கிடைக்க வேண்டும் என்று.

கூட்டத்துக்கு வராதே. வந்தாலும் பேசாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். அவர் கடையும் இருக்கிறது. அவர் சொன்னதை நான் எழுதினேன். வாடிக்கையாளர் சொல்வதைத்தான் கணக்கு எழுதுகிறவன் எழுதுவான். ஒவ்வொருவர் குடோனிலும் போய் எண்ணிப் பார்க்க முடியுமா? தாளை அலுவலகத்தில் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னார், நான் நம்பினேன். இல்லை, நம்பினேனா என்று தெரியவில்லை. கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று தோன்றியது, அதனால் கேட்கவில்லை. போதுமா?

போன் வந்த விஷயம் எனக்கு வெள்ளம் வடிந்த வாரமே தெரியும். அவரே சொன்னார். கண் கலங்கித்தான் சொன்னார் அக்கா. "ஒரு மெசேஜ் போட்டிருந்தா போதும் டேனியல், கைமறதியா விட்டுப்போச்சு" என்றார். அப்புறம் தாசில்தார் ஆபீசில் ஆரோக்கியசாமி சாவைப் பற்றி விசாரணை வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் இந்தத் தாளை டைப் பண்ணச் சொன்னார். நான் பண்ணினேன்.

நீ கூட்டத்தில் இதைச் சொன்னால் முதலில் மாட்டுவது அவர் இல்லை, நான். பொய்க் கணக்குத் தாக்கல் செய்தேன் என்று என் மேல்தான் வழக்கு வரும். பிள்ளையை இந்த வருஷம்தான் நல்ல பள்ளிக்கூடத்தில் போட்டோம். உனக்கு உன் சலுகை கிடைத்துவிட்டது. ரசீது வாங்கிவிட்டாய். உன் மட்டுக்கு முடிந்தது. விட்டுவிடு.

டேனியல்


விஷ்ராந்த்வாடி
26 ஆகஸ்ட் 2025

டேனியலுக்கு,

என் மட்டுக்கு முடிந்தது என்று எழுதினாயே, அந்த வார்த்தைக்காகவே வந்தேன்.

நீயும் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாய், ஆனால் தலையைக் குனிந்துகொண்டிருந்ததால் பாதி உனக்குத் தெரிந்திருக்காது. வசந்தகுமார் மைக்கைப் பிடித்து "நம்ம தெருவுக்கு அரசாங்கத்துக்கிட்டேர்ந்து சலுகை வாங்கிக் கொடுக்குறது சங்கத்தோட பெருமை" என்று பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, முந்தின நாள் சாயந்திரம் உங்களுக்கு வார்டிலிருந்து போன் வந்ததா இல்லையா என்று கேட்டேன்.

"செல்வமேரி, துக்கத்துல என்னமோ பேசுற" என்றார்.

"துக்கம் இல்ல, கோவம். வந்துச்சா இல்லையா?"

ஜம்பு பாய்தான் எனக்கு அடுத்து எழுந்தார். ஊறிப்போன கட்டிலை வெயிலில் காய வைத்துக் காய வைத்துக் கறுத்துப் போயிருந்தார் மனுஷன். "எனக்கு யாரும் சொல்லல தலைவரே. சொன்னதா எழுதுங்கன்னு கேட்டீங்க, எழுதினேன். ஆபீஸ்ல அது வேணவே வேணாமாமே?" என்றார். அப்புறம் எல்லாரும் பேசினார்கள். யார் பேசுவது என்றே புரியவில்லை. அந்தக் கூச்சலில் வசந்தகுமார் என்ன செய்தார்? உன்னைக் கை காட்டினார். "அந்தத் தாளை எழுதினது நானா? கணக்குப் பாக்குறது டேனியல். டைப் பண்ணினது டேனியல். அவங்கக்காவுக்கும் தம்பிக்கும் நடுவுல என்னவோ, என்னைய ஏன் இழுக்குறீங்க?"

இந்த மனுஷனுக்காகத்தான் நீ என்னிடம் கெஞ்சினாய்.

நீ அப்போது எழுந்திருப்பாய் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். பொய் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே உன்னைக் கட்டிப் பிடித்திருப்பேன். நீ ஃபைலை எடுத்துக்கொண்டு பின் வாசல் வழியாகப் போய்விட்டாய். பைக்கைக் கிளப்பும் சத்தம் உள்ளே கேட்டது. உன்னை விட எனக்குத்தான் வெட்கம்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. நீ டைப் செய்த வரி ஆரோக்கியசாமியின் சொந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஜான்சி இப்போது தேஹு ரோட்டில் அவள் தம்பி பரமசிவம் வீட்டில் இருக்கிறாள். நேற்று அவளைப் பார்க்கப் போனேன். வெள்ளத்தில் செத்தவர் குடும்பத்துக்கு வர வேண்டிய நிவாரணம் நின்று கிடக்கிறது. வசந்தகுமார் கொடுத்த தாள்களின் நகலைக் காட்டி, எச்சரிக்கை கொடுத்தும் இருந்தாராமே என்று தாசில்தார் ஆபீசில் கேட்டார்களாம். அதுகூடப் போகட்டும். இங்கே இருக்கும் நம் ஆட்கள் யாரோ ஊருக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறார்கள். ஒன்று பத்தாகி, தெருவே காலி பண்ணின பிறகும் இவர் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தார் என்று ஆகிவிட்டது. குடியே பழக்கமில்லாத மனுஷன். அவர் அப்பா ஜான்சிக்குப் போன் செய்து, "எம் மவன் குடிச்சிட்டா கெடந்தான்?" என்று அழுதிருக்கிறார். இல்லை என்று இவள் சொன்னதை நம்பவில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாமே என்கிறார்.

ஜான்சி என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, நீங்க போடலல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

என்னிடம் மன்னிப்பு எதுவும் எழுதி அனுப்பாதே. எனக்கு வேண்டாம். என் வாசலுக்கும் வராதே. போக வேண்டிய இடம் எது என்று உனக்குத் தெரியும். தைரியம் இருந்தால் போ. இல்லாவிட்டால் உனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்பதையே மறந்துவிடு.

செல்வமேரி


கோந்த்வா
6 செப்டம்பர் 2025

அக்கா,

நீ மன்னிப்பு வேண்டாம் என்றாய், அதனால் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கூட்டத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஆபீசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உன் மேல்தான் எரிச்சலாக இருந்தது. உன் கடிதம் வந்ததும் இன்னும் அதிகமானது. நாலு பேர் நடுவில் என்னை நிற்க வைத்துவிட்டு இப்போது தைரியத்தைப் பற்றி எழுதுகிறாளே என்று இருந்தது. அந்தக் குடி விஷயம் வரும் வரை அப்படித்தான் இருந்தது. அதற்கு மேல் என்னால் உன்னைத் திட்ட முடியவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

வசந்தகுமாரிடம் போய், தாள்களைத் திரும்பக் கொடுங்கள் என்றேன். "அக்காவும் தம்பியும் சேந்துக்கிட்டீங்களா?" என்றார். ஆபீஸ் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். கோபத்தில் செய்தேன், யோசித்துச் செய்யவில்லை. கீழே இறங்கியதும் பயமாகத்தான் இருந்தது. நாற்பது பேரில் இப்போது என்னிடம் எத்தனை பேர் கணக்குக் கொடுப்பார்கள் என்று தெரியாது. பதினோரு பேர் கொடுத்திருக்கிறார்கள். ஜம்பு பாய் கொடுக்கவில்லை. இனிமேல் உன்னை நம்ப முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

மற்றவர்களின் விண்ணப்பங்களைத் தனித்தனியாக, அந்தத் தாள் இல்லாமல், கடைசித் தேதிக்கு முன்னால் கொடுத்தாயிற்று. அதைச் செய்யாமல் விட்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம். வசந்தகுமார் கடைக்கு நான் தாக்கல் செய்தது தவறு, சரக்கு முன்பே வேறு இடத்துக்குப் போய்விட்டது என்று வரி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். நீ சொன்ன அதே அம்மாதான் வாங்கினார். இரண்டு முறை என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் மேல் நடவடிக்கை வரலாம். வரட்டும். தாசில்தார் ஆபீசில் கோகுல்நாத்தும் நானும் வாக்குமூலம் கொடுத்தோம். போன் வந்தது, தெருவில் யாருக்கும் சொல்லப்படவில்லை, தாளை டைப் செய்தது நான், செய்யச் சொன்னது வசந்தகுமார். எல்லாம் சொன்னேன்.

இன்று தேஹு ரோட்டுக்குப் போனேன். வைஷுவும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

பரமசிவம் வாசலிலேயே நிறுத்தினார். "எதுக்கு வந்தீரு?" என்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. ஜான்சி உள்ளேயிருந்து, "அவர விடு, வரட்டும்" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். வாக்குமூலத்தின் நகலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு இது? அவர் எப்பிடிச் செத்தாருன்னு எனக்குத் தெரியாதா? நீங்க எழுதினது ஒலகத்துக்கே போச்சு. இதை நான் பொட்டியில வச்சிப் பூட்டவா?" என்றாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். "எங்க மாமனாருகிட்டச் சொல்லுங்க. எங்கிட்ட இல்ல. உங்க வாயால அவர்கிட்டச் சொல்லுங்க" என்று போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் முன்னால் ஸ்டூலில் வைத்தாள்.

மணி அடித்தது. எடுத்தார்கள். பின்னால் கோழிச் சத்தம் கேட்டது. ஜான்சி, "மாமா, பூனாவுலேர்ந்து கணக்குப் பாக்குறவரு பேசுதாரு. அந்தத் தாளை எழுதினவரு" என்றாள்.

நகலைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தேன். அது மராத்தியில் இருந்தது. அங்கேயே தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு போனேன். வெள்ளம் வரும் என்று ஆரோக்கியசாமிக்கு யாரும் சொல்லவில்லை. தெருவில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னதாக நான் எழுதியது பொய். அவர் அன்று காலை வேலையில் இருந்தார். குடிக்கவில்லை. வெளியே வந்துகொண்டிருந்தபோது சுவர் விழுந்தது. குடிக்கவில்லை என்பது நகலில் இல்லை அக்கா, அதை நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று ஜான்சி குனிந்து பார்த்தாள்.

அப்புறம் அந்தப் பெரியவர், "சொல்லியிருந்தா ஓடியாந்திருப்பாம்யா" என்றார். "சின்ன வயசுலயே அவன் இடி இடிச்சாக்கூட ஓடி வந்துருவான். சொல்லியிருந்தா நிக்கவே மாட்டான். நாஞ் சொன்னேன், ஒரு பயலும் கேக்கல."

"ஆமாங்கய்யா" என்றேன்.

"வச்சிராதீங்க. இன்னொருக்க வாசிங்க. அவன் அம்மைய வரச் சொல்லுதேன். வாசல்ல நாலு பேரு இருக்கானுவ, அவனுவளையும் கூப்பிடுதேன். அவனுவதாம் பேசினது." செருப்புச் சத்தமும், யார் பெயரையோ உரக்கக் கூப்பிடுவதும் கேட்டது. பிறகு போனை யாரோ திண்டாடி எங்கேயோ வைத்தார்கள். "அவளுக்குக் காது சரியாக் கேக்காது. சத்தமா வாசிங்க" என்றார்.

ஜான்சி சுவரில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். என்னால் முடிந்த அளவு சத்தமாக வாசித்தேன்.

டேனியல்